ஹைட்ரஜன் வண்டி நம்ம கரைக்கு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பாடம் எடுக்கிறேன். லீவு நாட்களில் மண்டபத்தில் மாமாவின் படகு எஞ்சின் பட்டறையில்தான் இருப்பேன். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் ஹைட்ரஜன் படகைத் தொடங்கி வைத்த செய்தி வந்ததிலிருந்து, பட்டறைக்கு நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) சரிபார்க்க வருபவர்கள்கூட "அந்த ஹைட்ரஜன் என்னாச்சு?" என்று கேட்காமல் போவதில்லை. டீக்கடை, வகுப்பறை, கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

"ஹைட்ரஜன்னா என்ன சார், டீசல் மாதிரி தோண்டி எடுக்கிறதா?"

தோண்டி எடுப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து ஹைட்ரஜன் தானாக வந்தது உண்மைதான், ஆனால் அது அபூர்வம். மற்றபடி ஹைட்ரஜன் எப்போதும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜனோடு, இயற்கை எரிவாயுவில் கார்பனோடு. பிரித்தெடுக்க வேண்டுமென்றால் நாம் கைக்காசு போட்டு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும்.

பட்டறையில் நான் இதைக் கருவாட்டை வைத்துத்தான் விளக்குவேன். மின்சாரம் பச்சை மீன். கரையிலேயே சமைத்துவிட்டால் அதைப்போல ருசி இல்லை. வெகுதூரம் கொண்டுபோக வேண்டும், பல நாள் வைத்திருக்க வேண்டும் என்றால்தான் உப்புப் போட்டுக் காயவைக்கிறோம். காயும்போது எடை குறையும், உழைப்பும் கூடும். ஹைட்ரஜன், மின்சாரத்தின் கருவாடு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

"தண்ணியில ஓடுற வண்டின்னு வீடியோ வருதே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

இல்லவே இல்லை. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதாவது சாம்பல். சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமென்றால் எரிந்தபோது வந்த வெப்பத்தைவிட அதிகம் செலவாகும். வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, தண்ணீரைப் பிரித்து, அதை எரித்து, அதே பேட்டரியைச் சார்ஜ் செய்து வண்டியையும் ஓட்டுகிறோம் என்பது, சுற்றிச் சுற்றித் தன் முதுகில் தானே ஏறுவது போல.

1996-இல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே கொண்டாடியது நினைவிருக்கும். சோதித்துப் பார்த்தால் பெட்ரோலியப் பொருளே கலந்திருந்தது. பைக்கில் மாட்டும் "தண்ணீர் கிட்" விற்க யாராவது வந்தால் அந்தக் கதையைச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"அப்ப வண்டி எப்படித்தான் ஓடுது? புகையே வராதாமே?"

இரண்டு வழி உண்டு. முதலாவது எரிமக்கலம், ஆங்கிலத்தில் ஃப்யூயல் செல் என்பார்கள். ஒரு மெல்லிய படலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. பிளாட்டினம் வினையூக்கி வழியாக இரண்டும் சேரும்போது மின்சாரம் பிறக்கும், தண்ணீர் சொட்டும். அந்த மின்சாரத்தில் மோட்டார் சுற்றும். அதாவது இது ஒரு மின்வண்டிதான், பேட்டரியின் வேலையைப் பெரும்பாலும் சிலிண்டர் செய்கிறது. 2014-இல் வந்த டொயோட்டா மிராய் இந்த வகை. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்துக்குப் போனதும் இந்தக் காரில்தான்.

இரண்டாவது வழி, சாதாரண எஞ்சினுக்குள்ளேயே ஹைட்ரஜனை எரிப்பது. இதில் கரும்புகை இருக்காது. ஆனால் அதிக வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற மாசு வாயுக்கள் வரும். "தண்ணீர் மட்டும்தான் வரும்" என்று சொல்வது முதல் வகைக்குத்தான் பொருந்தும்.

"பச்சை ஹைட்ரஜன், சாம்பல் ஹைட்ரஜன்னு பேப்பர்ல போடுறாங்களே. வாயுவுக்கு ஏது கலர்?"

வாயுவுக்கு நிறம் கிடையாது. பிறந்த இடத்துக்குத்தான் அந்தப் பெயர். நம் வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதல்லவா, அதே போன்ற இயற்கை எரிவாயுவை நீராவியோடு சூடாக்கிப் பிரித்தால் கிடைப்பது சாம்பல். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்தக் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைத்தால் நீலம். காற்றாலை, சோலார் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் பச்சை.

இன்று உலகம் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக ஹைட்ரஜன் தயாரிக்கிறது. உரத்துக்கும் பெட்ரோல் சுத்திகரிப்புக்கும்தான் பெரும்பகுதி போகிறது. அதில் மாசு குறைந்த வகை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே "ஹைட்ரஜன் வண்டி, சுத்தமான வண்டி" என்று யாராவது சொன்னால், எந்த ஹைட்ரஜன் என்று கேளுங்கள்.

"வெடிச்சிராதா அண்ணே? நெனச்சாலே பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான், ஆனால் ஹைட்ரஜன் உங்களுக்குப் புதியதல்ல. படகு பேட்டரியை அளவுக்கு மேல் சார்ஜ் போட்டால் குமிழியாகக் கிளம்புவது ஹைட்ரஜன்தான். எங்கள் பட்டறையில் பல வருஷம் முன்பு ஒருவர் சார்ஜில் இருந்த பேட்டரி பக்கத்தில் பீடி பற்றவைத்தார். மூடி மேற்கூரைத் தகரத்தில் போய் அடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சட்டை முழுக்க அமிலப் பொத்தல். அன்றிலிருந்து பேட்டரி வெளித்திண்ணைக்குப் போய்விட்டது.

இதன் குணம் இரண்டு பக்கமும் இழுக்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும். பெட்ரோல் ஆவிக்கு அந்த எல்லை மிகக் குறுகல். பற்றவைக்கத் தேவையான பொறியும் பெட்ரோலுக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு போதும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் இல்லை. சமையல் கேஸில் நாற்றத்துக்கு ஒரு பொருள் சேர்ப்பது போல இதில் சேர்த்தால் எரிமக்கலம் கெட்டுப்போகும். அதனால் கசிவைக் கண்டுபிடிக்கக் கருவிதான் வேண்டும். மறுபக்கம், காற்றைவிட 14 மடங்கு லேசு. சமையல் கேஸ் தரையோடு படர்ந்து அடுப்படியில் தேங்கும், ஹைட்ரஜன் மேலே பறந்துவிடும். வெட்டவெளியில் அது நல்லது. மூடிய கூரையின் கீழ் மோசம்.

2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோ பக்கம் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. விசாரித்தபோது உயரழுத்தத் தொட்டியின் ஒரு மூடியைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தது தெரியவந்தது. வாயுவைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்பேனர் பிடித்த கையைத்தான் பழக்க வேண்டும்.

"எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நல்லாத்தானே ஓடுது. அப்புறம் எதுக்கு இது?"

ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் இது வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில். 100 யூனிட் மின்சாரத்தை பேட்டரி வண்டியில் போட்டால் சக்கரத்துக்கு 75, 80 யூனிட் போய்ச் சேரும். அதே 100 யூனிட்டில் தண்ணீரைப் பிரித்து, அழுத்தி, கொண்டுபோய், திரும்ப மின்சாரமாக்கினால் சக்கரத்துக்கு வருவது ஏறக்குறைய 30. கருவாட்டுக் கணக்கு இதுதான். ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டணம்காத்தான் போகும் ஆட்டோவுக்குக் கருவாடு எதற்கு, பச்சை மீனே இருக்கும்போது?

பேட்டரி தடுமாறும் இடம் வேறு. சுமை அதிகம், தூரம் அதிகம், நின்று சார்ஜ் போட நேரமில்லை என்ற மூன்றும் சேரும்போது பேட்டரியின் எடையே பெரிய சுமையாகிவிடும். நெடுந்தூர லாரி, ஆழ்கடல் படகு, கப்பல் என்று யோசியுங்கள். ஹைட்ரஜனுக்கு வாய்ப்பு என்று ஒன்று இருந்தால் அங்கேதான்.

"ஒரு கிலோ எம்புட்டு? மைலேஜ் எம்புட்டு?"

மிராய் மாதிரி காரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். தொட்டியில் ஐந்தரைக் கிலோ சொச்சம் பிடிக்கும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஒரு கிலோ தயாரிக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 3 ரூபாய்க்கே கிடைத்தாலும் கரண்டுக்கு மட்டும் 165 ரூபாய், 6 ரூபாய் என்றால் 330. தண்ணீரைப் பிரிக்கும் இயந்திரத்தின் விலை, அழுத்தும் செலவு, லாரி வாடகை, பங்க்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல்.

பங்கில் 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். பெட்ரோல் காருக்குக் கிட்டத்தட்ட ஐந்தரை. ஆகா என்று எழுந்துவிடாதீர்கள். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் மின்காரை யூனிட் 8 ரூபாய்க்குச் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

"கமுதியில அம்புட்டு சோலார் கெடக்கே. அதுல செஞ்சா ஊருக்கே பத்தாதா?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நம் ஊரைச் சேர்ந்த கணக்கு. கமுதி சோலார் நிலையம் 648 மெகாவாட், 2016-இல் வந்தபோது உலக அளவில் பேசப்பட்டது. ஒரு மெகாவாட் ஆண்டுக்கு சுமார் 15 லட்சம் யூனிட் தரும் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 97 கோடி யூனிட். அத்தனையையும் ஹைட்ரஜனாக்கினால் ஆண்டுக்கு 17,000 டன்னுக்கு மேல் வரும். நம் மாவட்டத்து லாரிகளுக்கும் படகுகளுக்கும் அது ஒரு நல்ல தொகை.

ஆனால் நாட்டின் இலக்கைப் பாருங்கள். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன், அதற்காக 1,25,000 மெகாவாட் புதிய மின்சாரம் என்பது திட்டம். கமுதி அளவில் 190 நிலையங்களுக்கு மேல். அப்புறம் இன்னொரு சிக்கல், சூரியன் சாய்ந்தால் இயந்திரம் சும்மா நிற்கும். விலை உயர்ந்த இயந்திரம் நாளில் பாதி நேரத்துக்கு மேல் சும்மா நின்றால் கிலோ விலை ஏறும். காற்றையும் சூரியனையும் சேர்த்துக் கட்டினால்தான் கட்டுபடியாகும். கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் நம் கரைக்கு அந்த யோகம் உண்டு.

"குடிக்கவே தண்ணி இல்ல. இதுல தண்ணியப் பிரிச்சு வண்டி ஓட்டணுமா?"

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா கேட்டது. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கணக்கு இப்படி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ரசாயனப்படி 9 லிட்டர் தண்ணீர் போதும். சுத்திகரிப்பில் கழிவது, குளிரூட்டல் எல்லாம் சேர்த்து 20 லிட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கமுதிக் கணக்குக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர், அதாவது 80 டேங்கர் லாரி. கடல்நீரைக் குடிநீராக்கி எடுக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்தான் ஆகும் என்பதால் மின்செலவு ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த ஆலை திருப்பிவிடும் உப்புக் கழிவுநீர். எடுத்ததில் பாதிக்கு மேல், இரட்டிப்பு உப்போடு கடலுக்கே போகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறை, பாசி, ஆவுளியா (கடல்பசு) எல்லாம் ஆழம் குறைந்த தண்ணீரில் இருக்கின்றன. குழாய் வாய் எங்கே வைக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு யோசனை சொல்வேன்: இங்கே ஹைட்ரஜன் ஆலை வந்தால், அதன் குடிநீராக்கும் பிரிவை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டி, பாதியை ஊருக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆலையின் மொத்தச் செலவில் அது சிறிய தொகை.

"கடல் தண்ணியவே நேரா ஊத்திப் பிரிக்க முடியாதா?"

ஊற்றினால் உப்பிலிருக்கும் குளோரின் கிளம்பும், தகடுகள் அரிக்கும், கால்சியமும் மக்னீசியமும் படிந்து அடைக்கும். காஸ்டிக் சோடா ஆலைகள் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி குளோரினை வேண்டுமென்றே எடுக்கின்றன, அங்கே ஹைட்ரஜன் உபரி. எரிபொருள் அளவுக்குச் செய்தால் அத்தனை குளோரினை எங்கே கொட்டுவது? நேரடிக் கடல்நீர்ப் பிரிப்பு ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. முன் கேள்வியில் சொன்னபடி உப்பை நீக்குவது இவ்வளவு மலிவாக இருக்கும்போது அந்தத் தலைவலி தேவையா என்பதே என் சந்தேகம்.

"தூத்துக்குடிக்கு வந்திருச்சாமே? அங்க போய் அடிச்சுட்டு வரலாம்ல?"

வந்தது ஒரு சின்ன சோதனை ஆலைதான். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கினார்கள். மணிக்கு 10 கன மீட்டர். எடையில் சொன்னால் மணிக்கு ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் நிலையத்துக்கும் அது போகிறது. வண்டிக்கு அடிக்கும் பங்க் அல்ல.

ஆனால் சின்னது என்று ஒதுக்கவும் வேண்டாம். காண்ட்லா, பாராதீப், தூத்துக்குடி மூன்றையும் ஹைட்ரஜன் மையத் துறைமுகங்களாக மத்திய அரசு குறித்திருக்கிறது. நமக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 120 கிலோமீட்டர்தான். ஏதாவது நடந்தால் நமக்கு முதலில் தெரியும்.

"நான் துபாய்ல இருந்து வந்துட்டேன். கீழக்கரை பக்கம் ரோட்டு மேல எடம் இருக்கு. ஹைட்ரஜன் பங்க் போடலாமா?"

பாய், இப்போதைக்கு வேண்டாம். கார் ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் அடிக்கிறார்கள், டயருக்கு நாம் அடிப்பது இரண்டு, இரண்டரை பார். அடிக்கும்போது வாயு சூடேறும் என்பதால் முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். சித்திரை வெயிலில் கீழக்கரையில் அதைச் செய்ய எவ்வளவு கரண்ட் ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். உருளைகளை அடுக்கி வரும் ஒரு முழு லாரி கொண்டுவருவது சில நூறு கிலோ ஹைட்ரஜன்தான். அதே லாரி டீசல் டேங்கராக இருந்தால் பல ஆயிரம் லிட்டர் வரும்.

2025 மார்ச்சில் மத்திய அரசு சோதனை முயற்சியாக 37 ஹைட்ரஜன் பஸ், லாரிகளுக்கும் 9 நிலையங்களுக்கும் ஒப்புதல் கொடுத்தது. வழித்தடங்களில் திருவனந்தபுரம்–கொச்சி இருக்கிறது, புவனேஸ்வர்–பூரி இருக்கிறது, தமிழ்நாட்டுச் சாலை ஒன்றுகூட இல்லை. வண்டியே இல்லாத சாலையில் பங்க் போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த இடத்தில் மின்வண்டிச் சார்ஜர் போடுங்கள், ஏர்வாடி தர்காவுக்கு வரும் கார்கள் நிற்கும்.

"வெளிநாட்டுல எல்லாம் ஓடுதுல்ல? நம்மதான் பிந்திட்டோமா?"

ஓடுகிறது, தடுக்கியும் விழுகிறது. பிரான்சில் மோம்பெலியே நகராட்சி 51 ஹைட்ரஜன் பஸ் வாங்க முடிவெடுத்து, 2022 ஜனவரியில் கைவிட்டது. மின்பஸ்ஸைவிட ஓட்டும் செலவு ஆறு மடங்கு என்று கணக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை 2024 பிப்ரவரியில் மூடியது. அங்கே கிலோ 36 டாலர் வரை போனது. கார் வாங்கியவர்கள் பங்க் தேடி அலைந்தார்கள்.

நார்வேயில் 2023-இல் திரவ ஹைட்ரஜனில் ஹைட்ரா என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கார்களில் தோற்றது, கப்பலில் நிற்கிறது. எது எங்கே பொருந்தும் என்று முன்பே சொன்னதுதான் இது. பிந்தியதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அடுத்தவர் கட்டிய ஃபீஸில் நாம் பாடம் படிக்கிறோம்.

"என் விசைப்படகுக்கு வருமா, வராதா? அதச் சொல்லு மொதல்ல."

மண்டபத்தில் ஒரு படகு முதலாளி மாமா இப்படித்தான் கேட்டார். ஒரு பாட்டுக்கு (ஒருமுறை மீன்பிடிக்கப் போய்த் திரும்ப) 300 லிட்டர் டீசல் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 300 லிட்டரில் 3,000 யூனிட் வெப்பம், அதில் எஞ்சின் வேலையாக மாற்றுவது மூன்றில் ஒரு பங்கு, 1,000 யூனிட். அதே வேலைக்கு எரிமக்கலத்தில் 60 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். 350 பார் சிலிண்டரில் லிட்டருக்கு 24 கிராம்தான் அடங்கும். ஆக 2,500 லிட்டர் கொள்ளளவு, உருளைகளின் எடை ஒரு டன்னுக்கு மேல். டீசல் தொட்டியைப் போல எட்டு மடங்கு இடம். மீன் கிடங்கில்தான் கை வைக்க வேண்டும்.

பேட்டரியில் போட்டால்? ஏழு டன். அதனால் பெரிய படகுக்கு பேட்டரியைவிட ஹைட்ரஜன் நெருங்கி வருகிறது, சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் வெடிப்புக் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். கசிந்த ஹைட்ரஜன் மேலே போகும், படகின் எஞ்சின் அறைக்கு மேலே தளப்பலகை மூடியிருக்கும். அங்கே தேங்கினால் ஒரு சுவிட்ச் போதும். உருளைகளை அணியத்திலோ (படகின் முன்பக்கம்) மேல்தளத்திலோ திறந்தவெளியில் வைக்கும்படி படகையே புதிதாக வடிவமைக்க வேண்டும். மேல்தளத்தில் ஒரு டன் ஏறினால் வாடைக்காற்றில் படகு எப்படி உருளும் என்று அந்தப் படகு முதலாளியே சொல்லிவிட்டார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரதமர் தொடங்கி வைத்ததாக முதலில் சொன்ன ஹைட்ரஜன் படகு, வாரணாசிக்காகக் கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்தது. அது ஆற்றில் ஆள் ஏற்றிப் போகும் இரட்டை உடல் படகு. இழுவலையோ ஐஸோ அதில் இல்லை.

"இருக்கிற டீசல் எஞ்சினையே மாத்தி ஓட்ட முடியாதா? எல்.பி.ஜி. ஆட்டோ மாத்துறோம்ல?"

எல்.பி.ஜி. மாற்றம் பெட்ரோல் எஞ்சினில். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே டீசல் பற்றும். ஹைட்ரஜன் தானாகப் பற்ற 585 டிகிரி வேண்டும், டீசலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆகவே பிளக் வைக்க வேண்டும், அல்லது கொஞ்சம் டீசலைத் திரியாகப் பயன்படுத்த வேண்டும். வடிவமைத்துச் செய்தால் ஓடும். 2023-இல் ரிலையன்ஸும் அசோக் லேலண்டும் எஞ்சினில் ஹைட்ரஜன் எரிக்கும் லாரியைக் காட்டினார்கள். பட்டறையில் செய்யும் வேலை இல்லை. ஹைட்ரஜன் சில வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும், சாதாரண டீசல் பைப்பில் விட்டுப் பார்க்கவே கூடாது.

"அமோனியாவா மாத்திக் கொண்டு போகலாம்னு சொல்றாங்களே, அதென்ன?"

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அமோனியா என்றால் கண் தானாக எரியும். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். நைட்ரஜனோடு சேர்த்து அமோனியாவாக்கினால் மைனஸ் 33 போதும், அல்லது சாதாரணச் சூட்டில் கொஞ்சம் அழுத்தம் போதும். ஐஸ் கம்பெனிச் சிலிண்டர் அதற்குச் சாட்சி. பெரிய கப்பல்களுக்கும் ஏற்றுமதிக்கும் இந்த வழியைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

சின்னப் படகுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். குழாயில் அமோனியா கசிந்தால் ஐஸ் கம்பெனியில் வெளியே ஓடலாம், நடுக்கடலில் எங்கே ஓடுவது?

"உப்புக்காத்துல இதெல்லாம் தாங்குமா?"

பாம்பனில் புது பைக் இரண்டே மழைக்காலத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தவர் கேட்ட கேள்வி. எரிமக்கலம் சுவாசிப்பது வெளிக்காற்றைத்தான். அதில் வரும் உப்பு, பிளாட்டினத்தையும் படலத்தையும் மெல்லக் கெடுக்கும். நல்ல வடிகட்டி வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும். வால்வு, இணைப்பு எல்லாம் கடலுக்கேற்ற உலோகமாக இருக்க வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் முகாமில் உலோகத்தைக் கடற்காற்றில் போட்டு அரிப்பைச் சோதித்து வருகிறது. அந்த அளவுக்கு இந்தக் காற்று உசத்தி.

"ராமேஸ்வரம் ரயிலு ஹைட்ரஜன்ல ஓடுமா?"

ஓட அவசியமில்லை. 2025-இல் சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சோதித்த ஹைட்ரஜன் ரயில் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் மின்பாதைக்கு ஏற்றபடி கட்டியது. கம்பியில் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் கருவாடு வேண்டாம்.

"அப்ப தடைக்காலத்துல புது எஞ்சின் போடலாமா, இல்ல ஹைட்ரஜனுக்குக் காத்திருக்கவா?"

போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் கையில் நேரம், ஹைட்ரஜனுக்காகக் காத்திருந்து ஒரு தடைக்காலத்தையும் வீணாக்க வேண்டாம். டீசல் குறையும் வழி வேறு இருக்கிறது. படகுக்குப் பொருத்தமான அளவில் புரொப்பல்லர், அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பி சுரண்டல், நாசில் பரிசோதனை. காலையில் போய் மதியம் திரும்பும் ஃபைபர் படகுக்காரர்கள் மின் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் மின் மோட்டார்) பக்கம் ஒரு கண் வைக்கலாம். தூரம் குறைவு, பச்சை மீன் கணக்கு அங்கே பொருந்தும்.

"சார், இதப் படிச்சா வேலை கிடைக்குமா?"

என் மாணவர்கள் கடைசி பெஞ்சிலிருந்து கேட்பது. ஹைட்ரஜன் என்ற பெயரில் பட்டம் தேடாதீர்கள். உயரழுத்தக் குழாய் வெல்டிங், கசிவுச் சோதனை, வால்வு பராமரிப்பு, மின்னணுக் கட்டுப்பாடு, இந்த நான்கில் இரண்டு கைவந்தால் ஹைட்ரஜன் வந்தாலும் வராவிட்டாலும் வேலை உண்டு. நார்வே பங்கில் அந்த மூடியை முடுக்காமல் விட்டதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் டார்க் ஸ்பேனரைத்தான் (குறித்த விசைக்கு அளந்து முடுக்கும் ஸ்பேனர்) கையில் எடுத்துக் காட்டுவேன்.

மேலே படிக்க ஆசையென்றால் காரைக்குடி ஆய்வு நிறுவனம் நமக்கு ஒரு பஸ் தூரம். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் காட்டும் நாட்கள் உண்டு. போன முறை எங்கள் பையன்கள் 40 பேர் போனோம், திரும்பும்போது தேவகோட்டையில் புரோட்டாக் கடையில் மாவு தீர்ந்துவிட்டது.